சிங்கப்பூர்ப் பெட்டியும் அடிபம்பும்

குபேர நகர், பாரிவாக்கம் அருகில்,
14.8.1996

சிங்கப்பூரில் குளுகுளு அறையில் வேலை பார்க்கும் அருமை மைத்துனன் சிரஞ்சீவி லட்சுமணனுக்கு, மாமா வீராசாமி ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. இங்கே நானும், உன் அக்கா பார்வதமும், உன் மருமகன் குணசேகரனும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம். இந்த முறை அந்த வார்த்தையைப் போடப் பேனா மறுக்கிறபடியால், உன் சுகத்தை மட்டும் விசாரித்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நீ போன மாதம் ஆள் மூலமாக அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. உன் அக்கா உன்னிடம் கேட்டது முழங்கால் வலிக்குத் தைலம். நீ அனுப்பியது கிடார் சத்தத்தையும் பாடுகிறவர் குரலையும் விதவிதமாக மாற்றிக் காட்டும் ஒரு மிஷின். இந்த இரண்டு சாமானும் உங்கள் ஊரில் ஒரே கடையில் விற்கிறதோ, கடைக்காரன் கை மாற்றிக் கட்டிவிட்டானோ, எனக்குத் தெரியாது. பார்வதம் அட்டையை எல்லாம் பிரித்து, உள்ளே அடைத்திருந்த வெள்ளை நுரையைத் துண்டு துண்டாகப் பிய்த்து, அடியிலாவது ஒரு பாட்டில் இருக்கும் என்று தேடினாள். கடைசியில் அந்தப் பெட்டியையே முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பார்க்கச் சகிக்கவில்லை. உன் மருமகன் மட்டும் பெட்டியைக் கட்டிக்கொண்டு, மாமான்னா மாமாதான் என்று கண் கலங்கினான். திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பகலெல்லாம் நட்டு போல்ட்டு திருகுகிறவன், சாயந்திரம் ஆனால் மெல்லிசைக் குழு என்று நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு ஊரைக் கெடுக்கிறான். அவனுக்குத் துணை நீ.

உன் அக்கா முழங்காலுக்கு என்ன கேடு என்று கேட்பாய். தண்ணீர்தான் கேடு. ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தவரை குழாயைத் திருகினால் தண்ணீர். ரிடையர் ஆகி, உலகநாதன் பிளாட் போட்டு விற்ற இந்தக் குபேர நகர் மனையை வாங்கி வீடு கட்டினேன் அல்லவா, வாங்கும்போது அந்த மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா? "காலால கெளறினா தேங்காத் தண்ணி வரும் சார்" என்றார். தோண்டினோம். வந்த தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, குடித்தால் நாக்கு தடித்துப்போகும். குபேரன் வந்து குடியிருந்தாலும் ஒரு வாரத்தில் காலி செய்துவிடுவான். ஆகவே குடிக்கிற தண்ணீருக்குப் பக்கத்திலிருக்கும் பழைய தெருக் கிணற்றுக்குத்தான் போக வேண்டும். பழைய தெரு என்பது அந்தக் காலத்தில் கழனி வேலை செய்தவர்கள் தெரு, இப்போது எல்லோரும் எஸ்டேட்டிலும் லாரி ஷெட்டிலும் வேலை பார்க்கிறார்கள். உன் அக்கா காலையில் ஒரு குடம், சாயந்திரம் ஒரு குடம் என்று இடுப்பில் சுமந்து வருகிறாள். நான் போகலாமே என்று கேட்காதே. நான் இந்த நகர்ச் சங்கத்துச் செயலாளர். முப்பது வருஷம் ராணுவ டாங்கிகளைத் தட்டிப் பார்த்துப் பாஸ் போட்ட இன்ஸ்பெக்டர். குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குள் எப்படிப் போவது?

இந்தச் சமயத்தில் ஆடித் திருவிழா வந்தது. கோயில் விழாக் கமிட்டித் தலைவர் அதே உலகநாதன். பஞ்சாயத்துத் தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு அடிபடுவதால், மனிதர் தலைவர் பதவிக்குக் குறி வைத்து வெள்ளை வேட்டிக்குத் தனியாகச் சலவைக்காரர் வைத்திருக்கிறார். ஒரு நாள் நம் வீட்டு வாசலில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு, "என் சொந்தச் செலவுல நல்ல தண்ணி வர்ற ஆழத்துக்குப் போர் போட்டு ஓர் அடிபம்பு நட்டுத் தர்றேன். உங்க கேட்டுக்கு எதிர்லயே. திருவிழா மேடைல அறிவிக்கிறேன், வீராசாமி சார்" என்றார். பார்வதம் உள்ளேயிருந்து ஓடிவந்து இன்னொரு தம்ளர் காப்பி கொடுத்தாள். அவள் முகத்தை அப்படி ஒரு சந்தோஷத்தில் நான் பார்த்துப் பல நாள் ஆயிற்று. அதே உலகநாதன் அதே வாரம் பழைய தெருவில் டீ குடித்துவிட்டு, அதே பம்பை அவர்கள் தெரு முனையில் நடுவதாகச் சொன்னார் என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. ஆக, பம்பு ஒன்று, காப்பி ஓரிடம், டீ ஓரிடம். மேடையில் எந்தத் தெருவின் பெயர் வருகிறதோ அந்தத் தெருவுக்குத் தண்ணீர். உன் அக்கா முழங்கால் அந்த ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது.

நாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை விழா. மேடை இரண்டு தெருவும் சேருகிற முக்கில். கச்சேரி நம் குணசேகரன் குழுதான். மைக்செட் பழைய தெருத் துலுக்கானம். அவனிடம் இரண்டு ஆம்ப்ளிஃபயர் உண்டு, இரண்டும் எனக்கு மூத்தவை. ஒன்று நம் நகரில் கம்பத்துக்குக் கம்பம் கட்டிய குழாய் ஸ்பீக்கர்களுக்கு, இன்னொன்று பழைய தெரு ஸ்பீக்கர்களுக்கு. உன் மருமகன் எல்லா மைக்கையும் ஒன்றாகச் சேர்த்து உன் பெட்டிக்குள் விட்டு, பெட்டியிலிருந்து ஒரே ஒரு ஒயரை முதல் ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்தான். அதிலிருந்து துலுக்கானம் ஒரு துண்டு ஒயர் போட்டு இரண்டாவதற்கு இழுத்துக்கொண்டான். நானும் சொல்கிறேன், முதல் பாதிக் கச்சேரி நன்றாகவே இருந்தது. வனஜா என்று ஒரு பெண், காட்டுப்பாக்கத்திலிருந்து வந்து பாடுகிறது, அதன் குரலில் உன் பெட்டி எதிரொலியைக் கலந்து விட்டதும் மலைக்கோயிலில் நின்று கேட்கிற மாதிரி இருந்தது. மத்தியானம் பெய்த மழையில் மேடைக்கு முன்னால் முழுக்கச் சேறு. அதனால் ஜனங்கள் அவரவர் தெருவிலேயே கூழ் வாங்கிக் குடித்துக்கொண்டு, அவரவர் வாசலில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்.

இடைவேளை விட்டார்கள். குழுவும் துலுக்கானமும் கூழுக்குப் போய்விட்டார்கள். நான் மேடைக்குப் பின்னால் போய்ச் சாமான்களைச் சும்மா ஒரு பார்வை பார்த்தேன். பழக்கம், என்ன செய்வது. உன் பெட்டியின் முதுகில், ஒயர் சொருகிய துவாரத்துக்குப் பக்கத்தில், அதே அளவில் இன்னொரு துவாரம் வாயைத் திறந்துகொண்டு சும்மா கிடந்தது. லட்சுமணா, எங்கள் ஃபேக்டரியில் ஒரு சட்டம். திறந்த துவாரத்தோடு எந்தச் சாமானும் ஷெட்டைத் தாண்டக் கூடாது. ஒன்று குழாய் மாட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் மூடி போட்டிருக்க வேண்டும். தூசு போய்விடும், பூச்சி போய்விடும், பாதி வழியில் டாங்கி நின்றுவிடும். எத்தனை பேரை இதற்காக நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பெற்ற பிள்ளை இப்படி வேலை செய்து வைத்திருக்கிறானே என்று எனக்குக் கூசிப்போயிற்று. மூடி தேடினேன், இல்லை. குணசேகரன் பையில் ரப்பர் பேண்ட் போட்டுச் சுருட்டிய உபரி ஒயர் ஒன்று இருந்தது. அதன் ஒரு முனையைக் காலித் துவாரத்தில் சொருகினேன். மறுமுனை தொங்கக் கூடாதல்லவா, அதை எங்கே விடுவது என்று பார்த்தால், இரண்டாவது ஆம்ப்ளிஃபயரில் துலுக்கானத்தின் அந்தக் கந்தல் ஒயர். ஒரு மரியாதையான ஒயர் இருக்கும்போது கந்தல் எதற்கு? அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இதை மாட்டினேன். முதல் துவாரம் முதல் ஆம்ப்ளிஃபயருக்கு, இரண்டாவது துவாரம் இரண்டாவதற்கு. பார்க்கவே நிறைவாக இருந்தது. ஃபேக்டரியாக இருந்தால் பாஸ் முத்திரை குத்தியிருப்பேன்.

இடைவேளை முடிந்து நேராக உலகநாதன் மைக்கைப் பிடித்தார். நான் மேடைக்குப் பின்னாலேயே நின்று, அவர் வாயிலிருந்து வருவதை என் இரண்டு காதால் கேட்டேன். அவர் பேசும் விதம் உனக்குத் தெரியும், ஒரு துண்டு சொல்வார், நிறுத்தி மூச்சு விடுவார், கை தட்டுகிறார்களா என்று பார்ப்பார், அடுத்த துண்டு. அன்றைக்கு அவர் சொன்னது இதுதான்: "இந்த வருசம் ஒரே ஒரு பம்புதான். நகர்ல கீறவங்க நேத்து வந்தவங்க. பழைய தெரு நம்ம தாய் ஊடு. கொஞ்சம் பொறுத்துக்கினா, பம்பு நிச்சயம் உண்டு, அடுத்த வருசம் பார்த்துக்கலாம். இப்போ போடறது, வந்தவங்களுக்கு." புரிகிறதா உனக்கு? தாய் வீடு பொறுத்துக்கொள்ள வேண்டும், பம்பு இந்த வருஷம் நமக்கு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அந்தத் தண்ணீராவது நல்ல தண்ணீர். பார்வதத்திடம் சொல்ல வேண்டும் என்று செருப்பைக்கூடச் சேற்றில் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

ஓடினால், நகர் வாசலிலேயே பக்கத்து வீட்டு ஜேம்ஸ் கையில் துடைப்பக் கட்டையோடு எதிரே வருகிறார். அவரும் ஃபேக்டரியில் ரிடையர் ஆனவர், கோபமே வராத மனிதர். "நேத்து வந்தவங்களாய்யா நாம? அந்த ஆளை இன்னிக்கு உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்" என்கிறார். நான், பம்பு நமக்குத்தான் ஜேம்ஸ், என் காதாலே கேட்டேன் என்றேன். "உமக்குக் காது போயிடுச்சு வீராசாமி. இங்கே நகரே கேட்டுது" என்றார். வாசலில் உன் அக்கா குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். அழுத முகம். என்னதான் கேட்டாய் சொல் என்றேன். நம் கம்பத்து ஸ்பீக்கரில் அவளுக்குக் கேட்டது இவ்வளவுதான்: "நகர்ல கீறவங்க நேத்து வந்தவங்க… கொஞ்சம் பொறுத்துக்கினா… அடுத்த வருசம் பார்த்துக்கலாம்… வந்தவங்களுக்கு." நடுநடுவே மூச்சுக்கூட இல்லையாம். நான் முழுப் பேச்சையும் ஒப்பித்தேன். "ஏன், எனக்கு ஆறுதல் சொல்றதுக்குப் பொய் சொல்றீங்களா?" என்று கேட்டாள். கல்யாணமானதிலிருந்து நான் ஆறுதலே சொன்னதில்லை, பொய்யாவது சொன்னேன் என்று அவளுக்கு அதில் ஒரு திருப்தி இருந்த மாதிரி தெரிந்தது.

அதற்குள் பழைய தெருவில் சரவெடி. திரும்பவும் ஓடினேன். அந்தத் தெருவில் பொன்னியம்மா என்று ஒரு அம்மாள், கிணற்றடிக்கு அவர்தான் ராணி, கையில் கடப்பாரையோடு நிற்கிறார். கன்னியம்மா என்று இன்னொருவர் தாம்பாளத்தில் கற்பூரம். என்னம்மா கொண்டாட்டம் என்றேன். "இன்னா சார் இப்டிக் கேக்கறீங்க? தலீவரு மைக்குல சொன்னது காதுல உய்லியா? 'இந்த வருசம் ஒரே ஒரு பம்புதான், பழைய தெரு நம்ம தாய் ஊடு, பம்பு நிச்சயம் உண்டு, இப்போ போடறது'ன்னு சொன்னாரே. இப்பவே எடம் காட்டணும்னு அவரைக் கையோட இட்டாரப் போறோம்" என்றார் பொன்னியம்மா. பேச்சை விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். லட்சுமணா, ஒரு வாய், ஒரு மைக், ஒரு பேச்சு. ஆனால் ஒற்றைப்படைத் துண்டெல்லாம் அந்தத் தெருவுக்கும் இரட்டைப்படைத் துண்டெல்லாம் இந்தத் தெருவுக்குமாகப் பங்கு பிரிந்து போயிருக்கிறது. எங்கள் தெருவுக்கு வந்த துண்டுகளைச் சேர்த்தால் எங்களுக்குப் பம்பு இல்லை. அவர்கள் தெருவுக்குப் போன துண்டுகளைச் சேர்த்தால் அவர்களுக்குப் பம்பு. இரண்டு தெருவும் ஒற்றுமையாக ஒரே முடிவுக்கு வந்தது இந்த ஊர்ச் சரித்திரத்தில் அன்றைக்குத்தான், அதுவும் தப்பான முடிவுக்கு.

மேடைக்குக் கீழே உலகநாதனைப் பழைய தெரு ஜனம் மாலை போட்டு வளைத்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் ஜேம்ஸ் தலைமையில் நகர்வாசிகள், மொத்தமாக ஒரு வேனில் அடங்குகிற கூட்டம். நான் நடுவில் புகுந்து, ஐயா, நீங்கள் நகருக்கு என்றுதானே சொன்னீர்கள், நான் பின்னாலேயே நின்று கேட்டேனே என்றேன். அவர் முதலில் என்னைப் பார்த்தார். அப்புறம் மாலையைப் பார்த்தார். அந்தத் தெருவில் எத்தனை தலை, இந்த நகரில் எத்தனை தலை என்று அவர் கண்ணிலேயே கூட்டல் ஓடியது எனக்குத் தெரிந்தது. பிறகு நிதானமாக, "வீராசாமி சார், நான் இன்னா சொன்னேன்னு ஜனங்களுக்குத் தெரியும்" என்றார். கன்னியம்மா அப்படியே அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய், தெரு முனையில் பொன்னியம்மாவின் கடப்பாரையை நட்டு, அம்மன் பேரைச் சொல்லிக் கற்பூரம் ஏற்றிவிட்டார். ஆடி மாதம், கூழ் ஊற்றிய அன்று, கற்பூரம் ஏற்றிய இடத்தை மாற்ற எந்தத் தலைவனுக்கும் தைரியம் வராது. செவ்வாய்க்கிழமை போர் லாரி வந்துவிட்டது. தண்ணீர் தித்திப்பு என்கிறார்கள். நான் குடித்துப் பார்க்கவில்லை.

அன்றைக்கு மேடைக்குப் பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். துலுக்கானம் வந்து பார்த்துவிட்டு, "எவன் நைனா என் ஒயரைப் புடுங்கினது?" என்று சத்தம் போட்டான். குணசேகரன் பெட்டியின் முதுகைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டான். மேடையில் அவனுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன ஸ்பீக்கருக்குச் சத்தம் உன் பெட்டிக்குள் போகாமல் மைக்கிலிருந்து நேராக வந்ததால், அவனுக்குக் கடைசிவரை ஒன்றும் தெரியவில்லை. "அப்பா, இந்தப் பெட்டியில முதல் ஓட்டையில மட்டும் சொருகினா ரெண்டு பக்கத்துச் சத்தமும் உள்ளேயே ஒண்ணாச் சேர்ந்து வரும், அதுக்குப் பேரு மோனோ. ரெண்டாவதுலயும் சொருகிட்டா பிரிஞ்சிடும், அது ஸ்டீரியோ. நான் பெட்டியில போட்டிருந்த எஃபெக்ட் நம்பர்ல குரல் ஊஞ்சல் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். ஒரே ரூம்ல கேட்டா சுகமா இருக்கும். மோனோல ஆட்டமே தெரியாது, எதிரொலி மட்டும் வரும், அதனாலதான் அந்த நம்பரைப் போட்டேன். ரெண்டாவது ஒயரை எவன் சொருகினான்?" என்றான். சொருகியது யார் என்பது இப்போது முக்கியமில்லை, நடந்ததற்கு என்ன பரிகாரம் என்று யோசிப்போம் என்று நான் பெரிய மனுஷனாக நடந்துகொண்டேன். அவன் என் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த, ஒயர் கட்டியிருந்த ரப்பர் பேண்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் உன்னைக் கேட்கிறேன். ஒரு துவாரம் போதும் என்றால் எதற்கு இரண்டு வைத்தார்கள்? பக்கத்தில் மோனோ என்று எழுதியிருக்கிறதே என்கிறான். எழுதியிருப்பது எறும்பு எழுத்து, என் மூக்குக் கண்ணாடி வீட்டில். டாங்கியில்கூட இப்படி ஓர் ஏமாற்று வேலை கிடையாது. எவனோ செய்தான், எவனோ விற்றான், வாங்கி அனுப்பிய உனக்காவது இரண்டு துவாரம் இருக்கிறதே, இது குடும்பஸ்தன் வீட்டுக்கு ஆகுமா என்று தோன்ற வேண்டாமா? உன் அக்காவுக்கு வர வேண்டிய தண்ணீரை உன் பெட்டி பக்கத்துத் தெருவுக்குத் திருப்பிவிட்டது. நகரில் எனக்குச் செவிடன் என்று பேர். சங்கக் கூட்டத்தில் ஜேம்ஸ் என்னிடம் கையால் ஜாடை காட்டிப் பேசுகிறார். ஆகவே, அடுத்த ஆள் வரும்போது இந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்புகிறேன், வாங்கிக்கொள். இனி இந்த வீட்டுக்கு எதை அனுப்பினாலும் ஒரே ஒரு துவாரம் உள்ளதாகப் பார்த்து அனுப்பு. உலகநாதன் முகத்தில் இனி விழிப்பதில்லை என்று அம்மன் மேல் ஆணையிட்டிருக்கிறேன். பழைய தெருப் பம்பில் கை வைப்பதில்லை என்பது இரண்டாவது ஆணை.

உனக்கும் உன் மனைவி மக்களுக்கும் எந்தக் குறையும் வராமல், அம்மன் உன் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருக்கட்டும். குழந்தைகளுக்கு என் முத்தம். உன் அக்கா உனக்குத் தனியாக ஒன்றும் சொல்லவில்லை, முழங்காலைத் தடவிக்கொண்டிருக்கிறாள், அதையே விசாரித்ததாக எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் நலத்தையும் தன் மானத்தையும் நாடும் மாமா,
வீராசாமி

பின்குறிப்பு: நேற்று சுதந்திர தினம், போஸ்ட் ஆபீஸ் லீவு என்பதால் கடிதம் கையிலேயே நின்றது. நல்லதாகப் போயிற்று. பெட்டியைத் திருப்பி அனுப்புவதாக எழுதியதை அடித்துவிட்டுப் படி. நேற்றுக் காலை உலகநாதன் ஒரு சீப்பு மலை வாழைப்பழத்தோடு வீட்டுக்கு வந்தார். வீடு தேடி வந்தவர் முகத்தில் விழிக்காமல் இருக்க முடியவில்லை. தேர்தல் முடியும்வரை எல்லாக் கூட்டத்துக்கும் நம் குணசேகரன் பெட்டிதான் வேண்டுமாம், அதுவும் அன்றைக்கு மாதிரியே இரண்டு ஒயரும் சொருகி. "இத்தினி வருசமா அந்தத் தெருவுக்கு நடந்துபோய் ஒண்ணு, இந்தத் தெருவுக்கு நடந்துபோய் ஒண்ணு சொல்லிக்கினு இருந்தேன் சார். காலு தேஞ்சுபோச்சு. இப்போ ஒரே எடத்துல நின்னுகினு பேசிடலாம்" என்றார். குணசேகரன் முடியாது என்று எழுந்து போய்விட்டான், ஆகவே ஒயர் சொருகும் பொறுப்பு முழுவதும் என்னுடையது. முறையாக ஒப்புக்கொண்டுவிட்டேன். நகருக்குப் பம்பு அடுத்த மாதமே நிச்சயம் என்று வாசலில் நின்று சத்தியம் செய்துவிட்டுப் போனார்.

பார்வதம் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பெட்டி இல்லாமலே அவர் அப்படித்தானே பேசுவார்" என்றாள். அதோடு விட்டாளா? பொன்னியம்மா எப்ப வேணும்னாலும் பம்புல வந்து பிடிச்சுக்கோ அக்கா என்று சொல்லிவிட்டாராம், இவளும் திருவிழா வாரத்திலேயே போக ஆரம்பித்துவிட்டாளாம். இப்போது ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இன்னொன்றை என் காலடியில் வைத்திருக்கிறாள். "உங்க ஃபேக்டரியில எந்த ஓட்டையும் காலியா கிடக்கக் கூடாதுன்னு சட்டமாமே. இந்தக் குடத்து வாய் காலியா கிடக்குது பாருங்க" என்கிறாள். செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன். தைலம் மறக்காமல் அனுப்பு, இரண்டு பாட்டிலாக.